வெற்றிலைக்குள் இரண்டு குண்டு

ஜெர்மேன் அக்கா பரிசுச் சீட்டு வாங்கியது குளிர்சாதனப் பெட்டிக்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் ஐம்பத்து மூன்று வயதுப் பொம்பளைக்குக் காட்டெருமை சுடுகிற ஆசை எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். பாரிசில் எங்கள் லா ஷப்பேல் பேட்டையில் கட்டவும் செய்தார்கள்.

1984 இலையுதிர் காலத்தில் தபால் ஊழியர்கள் தங்களுக்குள் நடத்திய குலுக்கல் அது. மூன்றாம் பரிசு குளிர்சாதனப் பெட்டி, இரண்டாம் பரிசு வண்ணத் தொலைக்காட்சி. முதல் பரிசு என்னவென்று அவள் படித்துப் பார்க்கவே இல்லை. வீட்டிலிருந்த பழைய பெட்டி வெண்ணெயை உருக்கிக்கொண்டும் பாலைத் திரித்துக்கொண்டும் இருந்தது. வேளாங்கண்ணி மாதாவிடம் அவள் கேட்டது ஒரேயொரு பெட்டி. மாதா கொஞ்சம் தாராளமாகக் கொடுத்துவிட்டாள். முதல் பரிசே விழுந்தது: மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பத்து நாள் காட்டெருமை வேட்டை, ஒரே ஒருவருக்கு. விமானம், கூடாரம், வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கார் து லெஸ்த் ரயில் நிலையத்துப் பக்கத்துத் துப்பாக்கிக் கடை ஒன்று ரைபிளை இரவல் தரும், தோட்டாவும் தரும். குளிர்சாதனப் பெட்டி தபாலகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரிக்குப் போனது. அவள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தன.

கடிதத்தை உரக்கப் படித்தவன் தம்பி மார்செல். அவன் அவளைவிட மூன்று வயது இளையவன். பாரிசை ஒட்டிய பொபினியில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவன். மனைவி போன பிறகு ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் அக்கா வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டவன். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாகக் கேட்டான்.

"அங்க பகல்ல வெயிலாம், ராத்திரி குளிராம். என்னோட பழுப்புக் கோட்டு போதுமாக்கா?"

பாவி, அதில் கபடமே இல்லை. பரிசு விழுந்தது அக்காவுக்கு, போகப்போவது தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே எழவில்லை. சின்ன வயதில் பாண்டிச்சேரியில் கோழிக் குழம்பில் ஈரல் யாருக்கு என்பதில் எப்படிச் சந்தேகம் வந்ததில்லையோ அப்படித்தான்.

"யாரு போறதுன்னு இன்னும் முடிவாகலடா," என்றாள் ஜெர்மேன்.

மார்செல் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, தனக்குப் போக வேண்டும் என்று.

காரணம் இருந்தது. தபாலகத்தில் அவள் மேசை கைமுத்திரை மேசை. இயந்திரத்துக்குள் நுழையாத தடித்த உறைகளெல்லாம் அவளிடம் வரும். இடது கையில் உறையைத் தூக்கி எடை பார்ப்பாள், வலது கையால் முத்திரையை ஓங்கிக் குத்துவாள். டொப். அடுத்தது. டொப். இருபத்தொன்பது வருஷம். பாங்கி, லிப்ரவில், தக்கார், அபிஜான் என்று ஆப்பிரிக்காவின் ஊர்ப் பெயர்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அத்தனை ஊருக்கும் அவள் கையால் வழியனுப்பி வைத்திருக்கிறாள். அவள் போனதென்னவோ பாண்டிச்சேரியிலிருந்து பாரிசுக்கு, பாரிசிலிருந்து லூர்து மாதாவைப் பார்க்க இரண்டு தடவை. அவ்வளவுதான். ஊரிலுள்ளவன் காகிதமெல்லாம் போகுது, நான் போகக்கூடாதா என்று அன்றைக்கு அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இதற்கொரு கெடு இருந்தது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கிக்கு அனுப்ப வேண்டிய ஒரு படிவம். வேட்டைக்குப் போகிறவர் பெயர், கொண்டுபோகும் ரைபிளின் ரகம், அதன் எண், எந்த வகைத் தோட்டா எத்தனை, எல்லாவற்றையும் எழுதி நவம்பர் கடைசித் திங்கட்கிழமைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். அனுப்பிய பிறகு பெயர் மாற்றமுடியாது. அந்தத் திங்கட்கிழமை படிவத்தில் மார்செல் பெயர் இருந்தால், ஜெர்மேனின் ஆப்பிரிக்கா அத்தோடு சரி.

மார்செல் மறுநாளே ஊரைக் கூட்டிவிட்டான். ஊர் என்பது வீட்டுக்குக் கீழே இருந்த ஸ்ரீஸ்கந்தராசாவின் பலசரக்குக் கடை. ஸ்ரீஸ்கந்தராசா இலங்கையில் நெடுங்கேணிப் பக்கத்தவன், நாற்பது வயது. யானையும் பன்றியும் வந்து வயலை மேயும் ஊரில் வளர்ந்தவன் என்பதால் இந்த விஷயத்தில் தனக்கொரு வாக்கு உண்டு என்று நினைத்தான்.

"என்ன துவக்கு கொண்டு போறியள் அண்ணை?" என்று கேட்டான். துப்பாக்கிக்கு அவன் ஊரில் அதுதான் பெயர்.

"நானூத்தி ஐம்பத்தெட்டு!" என்றான் மார்செல். துப்பாக்கிப் பட்டியல் புத்தகம் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து மூன்று நாளாகக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்தான். "இருக்கிறதிலேயே பெரிய குண்டுகள்ல ஒண்ணு. யானையே உட்கார்ந்துடும். எருமை எம்மாத்திரம்!"

"இஞ்சை பாருங்கோ, எருமையெண்டால் எமன்ரை வாகனம். வாகனம் விழுந்தாலும் எமன் எழும்பி வந்திடுவான், கவனம்," என்றான் ஸ்ரீஸ்கந்தராசா. "எங்கடை ஊரிலை இடியன் துவக்கு. மருந்தை இடிச்சு இடிச்சு நிரப்பிறது. வெடிச்சால் யானை ஓடும், சுட்டவனும் ஓடுவான். ரெண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் ஓடினால் தப்பினது."

கடையிலிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மார்செலுக்குத் தலைகால் புரியவில்லை. தொப்பி ஒன்று வாங்கிவிட்டான். அலுவலகத்தில் வழியனுப்பு விருந்துகூட வைத்துவிட்டார்கள், பயணம் பிப்ரவரியில்தான் என்பதை அவன் சொல்லவில்லை.

சனிக்கிழமை இருவருமாகத் துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். "நீ எதுக்குக்கா?" என்றான் மார்செல். "பை தூக்க ஆள் வேண்டாமாடா?" என்றாள்.

கடைக்காரி மர்கரீத் அம்மாள் எழுபதை நெருங்கிய வெள்ளைக்காரி. புருஷன் உயிரோடு இருந்தபோதே கடையை நடத்தியது அவள்தான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். மார்செல் போன வேகத்தில் ரெட்டைக்குழல் ரைபிள் ஒன்றைக் கேட்டு வாங்கி, கடைக்கோடியிலிருந்த நிலைக்கண்ணாடி முன்னால் தோளில் சாத்திப் பிடித்து, இப்படியும் அப்படியும் திரும்பி அழகு பார்க்கத் தொடங்கினான். மர்கரீத் அம்மாள் அவனைக் கண்ணாடியிடமே விட்டுவிட்டு ஜெர்மேனிடம் வந்தாள். மேசையில் ஒரு துணியை விரித்து, மருந்தும் உறையும் இல்லாத இரண்டு வெறும் குண்டுகளை வைத்தாள்.

"துப்பாக்கியை எல்லாரும் பார்க்கிறார்கள். விலங்கின் உடம்புக்குள் போவது இதுதான். இதைப் பார்க்கத்தான் ஆளில்லை," என்றாள். "இது ஈயமுனைக் குண்டு. நுனியில் ஈயம் தெரிகிறதா? உள்ளே போனதும் காளான் மாதிரி விரியும், பெரிய காயம் உண்டாக்கும், ஆனால் அதிக ஆழம் போகாது. இது கெட்டிக் குண்டு. முழுக்கத் தடித்த உலோகக் கவசம். விரியாது, எலும்பு குறுக்கே வந்தாலும் நேரே துளைத்துக்கொண்டு போகும்."

ஜெர்மேன் ஒன்றை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு மற்றதை எடுத்தாள். "ஈயமுனை பதினேழு கிராம், பதினேழரை இருக்கும். கெட்டிக் குண்டு பத்தொன்பது தாண்டுது. ரெண்டுமே இருபதுக்குள்ள," என்றாள். "ஒரே தபால்தலை போதும்."

மர்கரீத் அம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மருந்து நிறுக்கும் சின்னத் தராசை எடுத்து வைத்து நிறுத்தாள். பதினேழரை. பத்தொன்பது புள்ளி நாலு. "அடேயப்பா!" என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னாள். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டாள். தபாலகம் என்றதும், "ஆ, புரிகிறது" என்று தலையாட்டி, அந்த இரண்டு குண்டுகளையும் ஜெர்மேன் கையிலேயே வைத்து மூடினாள். "உனக்குத்தான். ஞாபகமாக வைத்துக்கொள்." கண்ணாடி முன்னால் ரெட்டைக்குழலோடு நின்றவன் இதில் எதையும் கவனிக்கவில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"எந்தக் குண்டு கொண்டு போகணும்?" என்று கேட்டாள் ஜெர்மேன்.

"இரண்டும். எருமை பக்கவாட்டில் நிற்கும்போது முதல் வெடி ஈயமுனை. முன்னங்காலுக்கு நேரே மேலே, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நெஞ்சு. முதல் வெடியில் விழாது, திரும்பும். திரும்பிய எருமையின் பின்பக்கத்திலிருந்து நெஞ்சுவரை போகக் கெட்டிக் குண்டால்தான் முடியும். அடுத்ததெல்லாம் அது. இந்த முந்நூற்று எழுபத்தைந்து ரகத் துப்பாக்கிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எடை வேறானாலும் இரண்டு குண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ப் படும்."

"தம்பி நானூத்தி ஐம்பத்தெட்டு வேணுங்கிறான்."

"நல்ல துப்பாக்கிதான். தாங்குகிறவனுக்கு," என்றாள் மர்கரீத் அம்மாள். "எருமைக்கு நீ என்ன கொண்டு வந்தாய் என்று தெரியாது. எங்கே பட்டது என்றுதான் தெரியும்."

தாங்குகிறானா என்று பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பியர்ஃபித் தாண்டி ஒரு சுடும் திடலுக்குப் போனார்கள். ஐம்பது மீட்டரில் எருமைப் படம் வரைந்த அட்டை. மார்செல் தன் நானூற்று ஐம்பத்தெட்டின் மேல் தொலைநோக்கியும் வேண்டும் என்று அடம்பிடித்து மாட்ட வைத்தான். "கண்ணை அதில் ஒட்டாதீர்கள், துப்பாக்கி பின்னால் வரும்," என்று மர்கரீத் அம்மாள் இரண்டு தடவை சொன்னாள். அவனோ சாவித் துவாரத்தில் பார்ப்பவன் போல ஒட்டிக்கொண்டான். வெடித்தது. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. மார்செலின் புருவத்தில் அரைநிலா வடிவில் ஒரு வெட்டு.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று கைக்குட்டையால் அழுத்திக்கொண்டான். "ரெண்டாவது சரியா வரும் பாரு."

அவன் பார்க்காதபோது மர்கரீத் அம்மாள் இரண்டாவதாகப் போட்டது மருந்தில்லாத வெற்றுத் தோட்டா. இது அந்தத் தொழிலில் பழைய தந்திரம். மார்செல் மூச்சை இழுத்து, கண்களை இறுக மூடி, பல்லைக் கடித்து விசையை இழுத்தான். க்ளிக் என்றது. வெடிக்காத துப்பாக்கிக்குப் பயந்து அவன் தோள் துள்ளியது, குழலின் நுனி ஒரு சாண் கீழே போய் மண்ணைப் பார்த்தது. சுற்றி நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஜெர்மேன் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள், கூடப் பிறந்த பாசம்.

பிறகு அவள் முறை. முந்நூற்று எழுபத்தைந்து. தொலைநோக்கி வேண்டாம் என்றுவிட்டாள். பலகையில் சாய்ந்து, தோளில் இறுக்கி, மர்கரீத் அம்மாள் சொல்லிக்கொடுத்தபடி விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினாள். டொப்பென்று தோளில் இடித்தது. வலித்தது, வலிக்காமல் என்ன! ஆனால் இடிக்குப் பயப்படுகிற உடம்பில்லை அது. ஒரு நாளைக்கு மூவாயிரம் தடவை இடித்துப் பழகிய தோள். குண்டு எருமையின் நெஞ்சுக்கு நாலு விரல் தள்ளிப் பட்டது. இரண்டாவது, அதற்குப் பக்கத்தில். மூன்றாவதாக அவளுக்கும் வெற்றுத் தோட்டா போட்டார்கள். க்ளிக். குழல் அசையவே இல்லை. "என்ன, ரிப்பேரா?" என்று நிமிர்ந்து பார்த்தாள்.

மர்கரீத் அம்மாள் மார்செலைப் பார்த்தாள்.

திரும்பும் பேருந்தில் மார்செல்தான் பேசினான். "திடல் வேற, காடு வேறக்கா. அட்டை எருமை ஓடியா வரும்?" லா ஷப்பேல் வந்து சேர்ந்தபோது புருவக் காயத்துக்கு அலமாரிக் கதவு காரணம் ஆகியிருந்தது. ஸ்ரீஸ்கந்தராசா காயத்தையும் பார்த்தான், அக்காவின் முகத்தையும் பார்த்தான், "ஓம் ஓம், அலுமாரிக்கும் உதை இருக்குத்தானே," என்றான்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் வாக்குவாதம். காட்டில் பொம்பளைக்கு என்ன வேலை, வயசென்ன, முழங்கால் வலி என்ன. ஜெர்மேன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னாள்: சீட்டு வாங்கியது நான். மார்செல் அதற்கும் ஒரே பதில் வைத்திருந்தான்: நீ வாங்கினது பெட்டிக்கு. வியாழக்கிழமை வரைக்கும் அடுப்பில் சோறு குழைந்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை மார்செல் திடீரென்று சாந்த சொரூபி ஆகிவிட்டான். "நாம ஏன் சண்டை போடணும்? திருவுளச்சீட்டு போடலாம். மாதா யாரச் சொல்றாங்களோ அவங்க போகட்டும்."

திருவுளச்சீட்டு என்றால் ஜெர்மேன் மறுக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் வீடு மாறியதும், மார்செலுக்குப் பெண் பார்த்ததும் மாதா முன்னால் சீட்டுப் போட்டு எடுத்துத்தான். மாதா சொன்னால் சொன்னதுதான், பிறகு பேச்சில்லை. இத்தனை நாள் கையிலிருந்த நியாயம் இப்போது பாதிக்குப் பாதி ஆகிவிட்டது. ஆனாலும், "சரி," என்றாள்.

"காகிதச் சீட்டு வேணாம். வேட்டைக்குத் தகுந்த மாதிரி, அந்தக் கடைக்காரி உனக்குக் குடுத்ததா வீட்டுக்கு வந்து காட்டினியே, அந்த ரெண்டு குண்டையே வெத்திலைல சுத்தி வைக்கலாம். கெட்டிக் குண்டு எடுக்கிறவங்க போறது. குடு, நானே சுத்தறேன்."

சாட்சிக்கு ஸ்ரீஸ்கந்தராசாவை அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை மனைவி பூரணியிடம் விட்டுவிட்டு, ஒரு கவுளி வெற்றிலையோடு மேலே வந்தான். "எனக்கும் உங்கடை மாதாவுக்கும் ஒரு பிரச்சினையுமில்லை. நான் நடுநிலை," என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு மாதா சுரூபத்தை ஒரு தரம் கும்பிட்டான்.

மார்செல் அடுப்படிக்குள் போய்க் குண்டுகளைச் சுற்றினான். ஒவ்வொன்றுக்கும் மூன்று வெற்றிலை, மேலே நூல் கட்டு. தட்டில் வைத்துக் கொண்டுவந்து மாதாவின் காலடியில் வைத்தான். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு 'அருள்நிறை மரியே' செபம் சொன்னார்கள். ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் பாடமில்லை, அவன் தேவாரம் ஒன்றை முணுமுணுத்தான்.

"நீதான் பெரியவ. நீ மொதல்ல எடுக்கா," என்றான் மார்செல்.

ஜெர்மேன் கண்ணை மூடிக்கொண்டாள். தாயே, நான் பெட்டிதான் கேட்டேன், நீயாகத்தான் இதைக் கொடுத்தாய், கொடுத்ததைப் பிடுங்காதே என்று வேண்டினாள். இடது கையை நீட்டி ஒன்றை எடுத்தாள்.

எடுத்ததுமே கை சொல்லிவிட்டது. இலக்கம் தப்பாமல் சொல்லிவிட்டது. வெற்றிலையும் நூலும் போக, பதினேழரை. ஈயமுனை.

பாங்கியும் போயிற்று, லிப்ரவிலும் போயிற்று. நாளைக் காலையில் மறுபடியும் மேசை, மறுபடியும் டொப், மறுபடியும் அடுத்தவன் கடிதம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் மாதா சொன்னது மாதா சொன்னதுதான். பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பிரிச்சுப் பாரேன்," என்றான் மார்செல். சொல்லிவிட்டு, தட்டிலிருந்த மற்றப் பொட்டலத்தை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போடப் போனான்.

அந்த அவசரம்தான் அவளுக்கு உறுத்தியது. ஜெயித்தவன் பிரித்துக் காட்டிக் குதிக்க வேண்டாமா? கெட்டிக் குண்டு கிடைத்தால் ஊருக்கெல்லாம் காட்டுகிறவன் இப்படிப் பைக்குள் ஒளிப்பானா?

"அதக் குடு," என்றாள்.

"எதுக்குக்கா? உனக்கு ஈயமுனைன்னா எனக்குக் கெட்டிதானே?"

"எனக்கு ஈயமுனைன்னு உனக்கெப்படிடா தெரியும்? நான் இன்னும் பிரிக்கவே இல்லையே."

ஸ்ரீஸ்கந்தராசா மார்செலின் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கி ஜெர்மேனின் இடது உள்ளங்கையில் வைத்தான்.

அவள் கை ஒரு தரம் மேலே போய்க் கீழே வந்தது. உறைகளுக்குச் செய்கிற அதே அசைவு.

"பதினேழரை," என்றாள். "ரெண்டும் பதினேழரை. பத்தொன்பது எங்கடா?"

நூலை அறுத்தார்கள். முதல் பொட்டலத்தில் ஈயம் தெரிகிற நுனி. இரண்டாவது பொட்டலத்திலும் ஈயம் தெரிகிற நுனி. ஸ்ரீஸ்கந்தராசா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "அட கோதாரி! என்ன அண்ணை இது, மாதாவுக்கே சுத்துமாத்தோ?" என்று வாயில் கை வைத்தான். "எங்கடை பிள்ளையாரெண்டால் இந்நேரம் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட வைச்சிருப்பார்."

மார்செல் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு, கெட்டிக் குண்டை எடுத்து மேசையில் வைத்தான். முகம் தொங்கிப் போயிருந்தது. வியாழக்கிழமை மாலையில் அலுவலகம் விட்டுத் துப்பாக்கிக் கடைக்குப் போய், அக்கா ஒன்றைத் தொலைத்துவிட்டாள் என்று சொல்லி, இன்னொரு ஈயமுனை வாங்கி வந்திருக்கிறான். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான், யாரும் கேட்காமலே.

"ஏண்டா இப்படிப் பண்ண? அதுவும் மாதா முன்னால?" ஜெர்மேன் கோபத்தோடு ஈயமுனை இரண்டையும் அவன் பக்கம் தள்ளினாள்.

"ஆபீசுல விருந்து வச்சுட்டாங்கக்கா. கீழ கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். தொப்பி வேற வாங்கிட்டேன்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஐம்பது வயசாச்சு. நான் எதையுமே ஜெயிச்சதில்லக்கா."

சொல்லும்போது புருவத்துக் காயம் சிவந்து தெரிந்தது. ஜெர்மேனுக்குக் கோபம் பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதியை அவள் விடவில்லை.

"நானும்தான்டா ஜெயிச்சதில்ல. இது மொதத் தடவ. இத எனக்கு விடு," என்றாள்.

மார்செல் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருஷத்தில் அக்கா தனக்கென்று எதையும் கேட்டு அவன் கேட்டதில்லை. ஏன், இந்தக் கதையைச் சொல்கிற நானும் கேட்டதில்லை. அவன் எழுந்துபோய், அலமாரி மேலிருந்த படிவத்தையும் பேனாவையும் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான்.

"நீ எழுதுக்கா. நம்பர் நான் படிக்கிறேன்."

தலையைக் குனிந்துகொண்டு அவள் தன் பெயரை எழுதினாள். முழுப் பெயர், பெரிய எழுத்தில். ரைபிளின் எண்ணை மார்செல் கடைச் சீட்டைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாகப் படித்தான். ரகம், முந்நூற்று எழுபத்தைந்து. தோட்டா, ஈயமுனை பத்து, கெட்டி முப்பது. "கெட்டி முப்பது போதுமோ அக்கா? ஒண்டு அண்ணைக்குப் பையுக்கை போடவும் வேணுமெல்லோ," என்றான் ஸ்ரீஸ்கந்தராசா. மார்செலே சிரித்துவிட்டான்.

தண்டனையும் இல்லாமல் போகவில்லை. அன்று சாயங்காலமே மார்செல் கீழே இறங்கி, கடையில் சாமான் வாங்க வந்த அத்தனை பேருக்கும் முன்னால், போவது தான் இல்லை, அக்காதான் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான். அலமாரிக் கதவு கதையையும் திருத்திச் சொன்னான். பூரணி அவனுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். தொப்பியை அவனே அக்காவின் தலையில் வைத்து அளவு பார்த்தான். கொஞ்சம் பெரிது, உள்ளே தினத்தாளை மடித்து வைத்தால் சரியாகிவிடும் என்றான்.

திங்கட்கிழமை காலை ஜெர்மேன் எப்போதும்போல் ஏழு மணிக்குத் தன் மேசைக்குப் போனாள். பையிலிருந்து உறையை எடுத்தாள். மேலே பாங்கி என்று எழுதியிருந்தது, எத்தனையோ ஆயிரம் தடவை அவள் படித்த அதே ஊர்ப் பெயர். இடது கையில் வைத்துப் பார்த்தாள். பத்தொன்பது. இருபதுக்குள். தபால்தலையை ஒட்டி, வலது கையால் முத்திரையை எடுத்தாள்.

டொப்.

பக்கத்து மேசைக்காரி திடுக்கிட்டுத் திரும்பி, "என்ன ஜெர்மேன், மேசையை உடைக்கப் போகிறாயா?" என்று கேட்டாள்.

"இது என்னோடது," என்றாள் ஜெர்மேன். உறையைத் தானே எழுந்துபோய் ஆப்பிரிக்காப் பைக்குள் போட்டுவிட்டு வந்து, அடுத்த உறையை எடுத்தாள்.